தாய் வெள்ளை என்றால் பிள்ளையும் வெள்ளை!

திருச்சி பாலக்கரைச் சந்துகளில் வாசல் ஓரம் அந்தி மந்தாரை வைத்திருப்பவர்களுக்கு அதன் பூ நன்றாகத் தெரியும். மாலையில் மலரும். ஆனால் இலையைக் கவனிப்பவர் குறைவு.

சில செடிகளில் இலை, சுண்ணாம்பு தெளித்தது போல் இருக்கும். ஒரு கிளை முழுப் பச்சை. இன்னொரு கிளை முழு வெள்ளை!

இந்தச் செடியில் 1909-ம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் கோரன்ஸ் ஓர் அதிசயம் கண்டார். வெள்ளைக் கிளையின் பூவில் பச்சைக் கிளையின் மகரந்தத்தைத் தூவினார். முளைத்த கன்றுகள் எல்லாம் வெள்ளை! மாற்றித் தூவினார். எல்லாம் பச்சை! தகப்பன் யாராக இருந்தால் என்ன? தாய்க் கிளை எதுவோ, பிள்ளை அதுவே.

வெள்ளைக் கன்றுகள் பாவம். விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் செத்துப்போயின.

காரணம் என்ன?

இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத பச்சை மணிகள் உண்டு. பசுங்கணிகம் என்று பெயர். வெயிலைப் பிடித்துச் செடிக்குச் சோறு ஆக்கும் அடுப்படி அதுதான். அதற்குள் தனியாகச் சுமார் 100 ஜீன்கள் இருக்கின்றன. (புரதம் செய்யும் குறிப்பே ஜீன். மரபணு என்றும் சொல்வார்கள்.) பெரும்பாலான செடிகளில் இந்த மணி தாய் வழியாகவே வரும். அதில் ஜீன் கெட்டால் இலை வெளுக்கலாம். வெண்டை இலை மஞ்சளாவது வேறு சங்கதி. அது வைரஸ் நோய்.

கத்தரிக்கோல் வேலை

மணிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி வெளியே தயாராகி உள்ளே வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் விலாசம் போல ஒரு துண்டு. நுழைந்ததும் அதை நறுக்க வேண்டும். பழுதான புரதத்தையும் நறுக்கி அகற்ற வேண்டும். இதற்கென்று பல கத்தரிக்கோல்கள் உள்ளே உண்டு. அவையும் புரதங்களே!

உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போயிற்று. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டு வருகிறது. சுருட்டுக்கான புகையிலைதான் இந்த ஆராய்ச்சிக்கும் உதவியது. 1986-ல் ஜப்பானியர் புகையிலைப் பசுங்கணிகத்தின் ஜீன்கள் முழுவதையும் படித்து முடித்தனர். பழுதான புரதத்தை நறுக்கும் கத்தரியின் ஒரு பாகத்தைச் செய்யும் 'க்ளிப்-பி' ஜீனும் அவற்றில் ஒன்று. 2003-ல் அமெரிக்காவில் குரோடா, மாலிகா என்ற இருவர் அந்த ஒரே ஜீனை நீக்கிப் பார்த்தார்கள். செடி தண்டு விடவே இல்லை!

அப்படியானால் அந்தி மந்தாரையின் வெள்ளைக் கிளை எப்படிப் பிழைக்கிறது? பக்கத்துப் பச்சைக் கிளை அதற்கும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறது. வெட்டித் தனியே நட்டால் நிலைக்காது. புள்ளி இலை வேண்டுவோர், இரு நிறமும் கலந்த கிளையின் விதையை எடுத்து வையுங்கள். பச்சை, வெள்ளை, கலப்பு மூன்றும் அதில் முளைக்கும்.