சர்வர் இல்லாத வெப்சைட்!
லீவு போட்டவன் நோட்ஸை சாரிடமா கேட்கிறான்? எழுதி வச்சிருக்கிற பக்கத்து பெஞ்ச் நண்பனிடம்தானே! பியர்-டு-பியர் பிரவுசரும் அப்படித்தான்.

சாதாரண வெப்சைட் ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கும். அதை மூடினா போச்சு! 2009-ல் யாஹூ, ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் அப்படித்தான் போயின.

2016-ல் வந்த பீக்கர் பிரவுசரில் நாமே பக்கம் தயாரித்தோம் என்றால், எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் கொண்ட முகவரி கிடைக்கும். அதைத் திறக்கும் நண்பனின் கம்ப்யூட்டருக்கும் நகல் போகும். நம்ம கம்ப்யூட்டரை அணைத்தாலும், அவன் ஆன்லைனில் பகிர்ந்தால் மற்றவர்கள் படிக்கலாம். ஆனால் திருத்த நம்மால் மட்டுமே முடியும்.

பீக்கர் வேலை 2022-ல் நின்றுவிட்டது. அக்ரிகோர் என்ற பிரவுசரில் முயன்று பாருங்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். 'வேற யாராவது வச்சிருப்பான்'னு எல்லோரும் இருந்துட்டா, நோட்ஸும் கிடையாது, வெப்சைட்டும் கிடையாது!