நிலம் நடுங்கினால் கும்மிடிப்பூண்டியில் என்ன செய்வது?

2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. சென்னை மக்கள் பதறித் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு திருத்திய வரைபடத்தில் சென்னை வட்டாரம் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றுக்கு உயர்ந்தது. திருவள்ளூர் மாவட்டமும் மூன்றில்தான் இருக்கிறது. மிதமான ஆபத்து என்பார்கள். உருக்காலையும் ரசாயன ஆலையும் குடியிருப்பை ஒட்டி நிற்கும் சிப்காட் பகுதியில் அந்தச் சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. சுவரில் கீறல்கூட விழாத அதிர்வு, பழைய குழாயின் இணைப்பைத் தளர்த்திவிடலாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் நிலம் நடுங்கவில்லை. கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது, அவ்வளவுதான். கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அதிரும்போது ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆலைக்குள் என்றால் ஃபர்னஸ், ஓவர்ஹெட் கிரேன், அடுக்கிய சரக்கு ஆகியவற்றைவிட்டு விலகுங்கள். அதிர்வு நின்றதும் படிக்கட்டு வழியாக வெளியேறுங்கள், லிஃப்ட் வேண்டாம். வீட்டில் கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், மின்விசையைத் தொடாதீர்கள். காட்டமான நெடி வெளியிலிருந்து வந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். காற்றோடு போனால் வாயுவும் கூடவே வரும். பழவேற்காட்டுக் கரையில் இருப்பவர்கள் நீண்ட அதிர்வை உணர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போக வேண்டும். 2004-ல் நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவில் நிலம் நடுங்கி, சுனாமி அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தை யாரும் பயன்படுத்திக்கொள்ள வழியில்லாமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108.

அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின், 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை தன் அவசரகாலத் திட்டத்தைத் தொழிலாளிக்கு மட்டுமின்றி அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அப்போது வந்தது. உங்கள் தெருவில் யாராவது அப்படியொரு திட்டத்தைப் பார்த்ததுண்டா? கிராமசபையில் கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளுக்கு அவர்கள் மொழியில் சொல்லப்பட்டதா என்றும் கேளுங்கள்.

காண்ட்ராக்ட் தொழிலாளி வேலையில் அடிபட்டால், காண்ட்ராக்டரைக் கைகாட்டி ஆலை நிர்வாகம் இழப்பீட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான பொருளால் பாதிக்கப்பட்டவர்கள், நிர்வாகத்தின் தவறை நிரூபிக்காமலே மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். போர், கதிரியக்கம் ஆகியவற்றால் மட்டும் நேர்ந்த விபத்துக்கே விலக்கு. நிலநடுக்கம் அந்த விலக்கில் இல்லை. விண்ணப்பிக்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.