ஸீனும் ஸாயும் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் கடினமா?

விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரம் நின்றால், ஆலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களின் முகமே மாறிவிட்டது. பிழைப்புத் தேடிப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்களும் இங்கு உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு மாலை மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பது என் பணி.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் டிப்ளமா முடித்து ஓர் ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வாடிய முகத்துடன் என்னிடம் வந்தார். இரவு ஷிப்டு முடியும் நேரத்தில் இயந்திரம் ஒன்றில் போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டு, பொறுப்புடன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார். தளர்ந்தது என்னும் பொருள் தரும் ‘லூஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு ‘ஓ’ எழுத வேண்டும். அவர் ஒன்றே எழுதிவிட்டார். ஒரே ‘ஓ’ உள்ள சொல்லுக்கோ இழத்தல், தொலைத்தல் என்று பொருள். அடுத்த ஷிப்டுக்கு வந்த மேற்பார்வையாளர், போல்ட் கழன்று இயந்திரத்துக்குள் விழுந்துவிட்டதாக எண்ணி, வேலையை நிறுத்தித் தேடச் செய்திருக்கிறார். அரைமணி நேரத்துக்குப் பிறகே, போல்ட் தன் இடத்திலேயே ஆடிக் கொண்டிருப்பது தெரிந்ததாம்.

“பாராட்டு கிடைக்க வேண்டிய இடத்தில் ஏச்சு வாங்கினேன், ஹஜ்ரத். இரண்டு சொல்லும் காதுக்கு ஒன்றாகத்தானே கேட்கின்றன?” என்றார்.

“இல்லை தம்பி. உனக்கு ஏழு வயதில் ஸீனுக்கும் ஸாய்க்கும் வேறுபாடு சொல்லிக் கொடுத்தேனே, அதேதான் இது” என்றேன்.

நம் காது அறிந்த வேறுபாடு

ஸலாம் என்பதன் முதலெழுத்து ஸீன். நாவின் நுனியில் காற்று மட்டும் சீறி வரும், தொண்டை அதிராது. ஸம்ஸம் என்பதன் முதலெழுத்து ஸாய். நாவு ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் தொண்டை அதிரும். கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் சிறுவரும் இதை உணர்வர். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லாததால்தான் நாம் ஸம்ஸம் என்றும் ஜம்ஜம் என்றும், ஸகாத் என்றும் ஜகாத் என்றும் எழுதி வருகிறோம்.

ஆங்கிலத்தில் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே பல சொற்களில் பெயரையும் வினையையும் பிரித்தறியலாம். ‘அட்வைஸ்’ ஸீன் ஒலியில் முடிந்தால் அறிவுரை என்னும் பெயர்ச்சொல். ஸாய் ஒலியில் முடிந்தால் அறிவுரை கூறு என்னும் வினைச்சொல். ‘டிவைஸ்’ ஸீன் ஒலியில் முடிந்தால் கருவி; ஸாய் ஒலியில் முடிந்தால் புதிதாக வகுத்தல். ‘யூஸ்’, ‘ஹவுஸ்’, ‘எக்ஸ்கியூஸ்’ ஆகியவற்றுக்கு எழுத்துக்கூட மாறுவதில்லை. பெயராக வரும்போது ஸீன், வினையாக வரும்போது ஸாய். போல்ட் விஷயத்தில், தளர்ந்ததற்கு ஸீன், தொலைத்தலுக்கு ஸாய்.

வேறு ஒலிகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். மூச்சு என்னும் பெயரான ‘ப்ரெத்’, ஹதீஸ் என்பதன் கடைசி எழுத்தான ஸேயின் ஒலியில் முடியும். மூச்சுவிடு என்னும் வினையான ‘ப்ரீத்’, திக்ர் என்பதன் முதலெழுத்தான தாலின் ஒலியில் முடியும். எழுதும்போது வினைக்குக் கடைசியில் ஓர் ‘ஈ’ சேரும். ‘ரிலீஃப்’ பெயர், ‘ரிலீவ்’ வினை. ‘ப்ரூஃப்’ பெயர், ‘ப்ரூவ்’ வினை. அதிராத ஒலி பெயருக்கு. அதிரும் ஒலி வினைக்கு.

காரணம் என்ன?

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய வினைச்சொற்களின் இறுதியில் உயிரொலியில் தொடங்கும் விகுதி ஒன்று இருந்தது. வீடு, குளியல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் வினையானபோது, கடைசி மெய் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்டு அதிர்ந்து ஒலித்தது. விகுதி காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. அதிர்வு மட்டும் தங்கிவிட்டது. தமிழிலும் இதற்கு ஒப்பானது உண்டு. ‘தடம்’ என்பதில் வன்மையாக ஒலிக்கும் தகரம், ‘பதம்’ என்பதில் இரு உயிர்களுக்கு நடுவே வந்து மென்மையாக ஒலிக்கவில்லையா?

ஒலியை மாற்றிப் பெயராக்குவதும் நமக்குப் புதிதன்று. கெடு என்பது கேடு ஆகிறது. சுடு, சூடு ஆகிறது. பெறு, பேறு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். நாம் முதலெழுத்தை நீட்டுகிறோம். ஆங்கிலேயர் கடைசி ஒலியை மாற்றுகிறார்கள்.

ஒலி உதவாத இடங்கள்

‘பிராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ ஆகிய சொற்கள் பெயரானாலும் வினையானாலும் ஸீன் ஒலியிலேயே முடிகின்றன. இங்கே எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில் பெயருக்குச் ‘சி’, வினைக்கு ‘எஸ்’. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், ஓட்டுநர் உரிமத்துக்குச் ‘சி’ போட்டிருக்கிறார்கள். அதை வழங்கும் அதிகாரியின் பெயரில் வரும் ‘லைசென்சிங்’ வினையிலிருந்து பிறந்ததால் ‘எஸ்’ போட்டிருக்கிறார்கள். அமெரிக்க வழக்கு வேறு. அங்கே லைசென்ஸ் இரண்டுக்கும் ‘எஸ்’. பிராக்டிஸ் இரண்டுக்கும் ‘சி’. கணினி சிவப்புக் கோடு போட்டால் நாம் எழுதியது பிழை என்று உடனே எண்ணிவிட வேண்டாம். அது அமெரிக்க வழக்கில் வைக்கப்பட்டிருக்கலாம்.

நினைவில் வைக்க எளிய வழி ஒன்று. அட்வைஸ், டிவைஸ், பிராக்டிஸ் ஆகியவை பெயராக வரும்போது, அவற்றின் கடைசி மூன்று எழுத்துகள் ‘ஐஸ்’ என்ற சொல்லாகும். ஐஸ் ஒரு பொருள். பொருளின் பெயர் பெயர்ச்சொல்.

‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ என்ற இரண்டும் பலரைத் தடுமாறச் செய்பவை. ‘ஏ’யில் தொடங்குவது பெரும்பாலும் பாதித்தல் என்னும் வினை, ‘ஈ’யில் தொடங்குவது பெரும்பாலும் விளைவு என்னும் பெயர். இனி, ஆலைகளில் அன்றாடம் புழங்கும் ‘ரிஜெக்ட்’, ‘பெர்மிட்’, ‘ரெக்கார்ட்’ போன்றவற்றில் அழுத்தம்தான் அடையாளம். முதல் அசையை அழுத்தினால் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் வினை.

பெற்றோர் கவனத்திற்கு

கொரிய நிர்வாகியும் ஒடிசாத் தொழிலாளியும் நம் ஊர்ப் பிள்ளையும் ஒரே பதிவேட்டைப் படிக்கும் இடங்களில், ஆங்கிலம் பெருமைக்குரிய அணிகலன் அன்று. ஆபத்தைத் தவிர்க்கும் கருவி. எழுத்தில் நிகழும் சிறு பிழை, நல்ல தொழிலாளியையும் தலைகுனியச் செய்துவிடுகிறது.

மத்ரஸாவில் மக்ரஜ் திருத்தப்படும் பிள்ளைக்கு, பள்ளி ஆங்கிலத்துக்கு வேண்டிய செவி முன்னமே வாய்த்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு உலகம் என்று நாம்தான் சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். தாய்மார்கள் இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி, நாளைக்கு இரண்டு சொற்களை எடுத்துக் கொண்டு, கழுத்தில் விரல் வைத்துச் சொல்லச் செய்யட்டும். “இது ஸீனா, ஸாயா?” என்று மட்டும் கேட்கட்டும். ஆங்கிலம் அறியாத தாயும் இந்தக் கேள்வியைக் கேட்கலாமே!

அந்த மாணவர் இன்று அதே ஆலையில் நிரந்தரப் பணியில் இருக்கிறார். புதிதாக வரும் பயிற்சியாளர்களிடம் பதிவேட்டைக் கொடுக்கும்போது, “தளர்ந்திருந்தால் இரண்டு ஓ, தொலைந்திருந்தால் ஓர் ஓவும் தொலைந்திருக்கும்” என்று சொல்லிக் கொடுக்கிறாராம்.