40 வயதும் வெள்ளெழுத்தும்

தீர்மான நோட்டைக் கையை நீட்டித் தூரமாப் பிடித்துப் படிக்கிறீர்களா? அது வெள்ளெழுத்து. 40 வயதை ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளைந்து கொடுப்பது குறைவதால் கிட்டத்து எழுத்து மங்கும். எல்லோருக்கும் வருவதுதான்.

"கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப் போகும்" என்கிறார்கள். கெடாது. போட்டாலும் போடாவிட்டாலும் வயது ஏற ஏறப் பவர் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

எழுத்து தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டு, தொகையைப் பார்க்காமலே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அக்காமார்களைப் பார்க்கிறோம். எங்களுக்கு இதுதான் கவலை. கையெழுத்துப் போட்டவர்தானே பதில் சொல்லணும்!

சந்தையில் கண்ணாடி வாங்குமுன் அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டுங்கள். சர்க்கரையால் வரும் பாதிப்பு, கண் நீர் அழுத்தம் எல்லாம் பரிசோதனையில்தான் தெரியும். வாங்கிய கண்ணாடியைப் பாஸ்புக் பையிலேயே வையுங்கள்.