அது வாடகையா, கடனா?

கொழும்பு கொம்பனித்தெருவில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவரிடம் வண்டி யாருடையது என்று கேட்டால், "என்னுடையதுதான், லீசிங்ல இருக்கு" என்பார். பதிவுச் சான்றிதழைப் பார்த்தால் விஷயம் வேறு. பதிவு பெற்ற உரிமையாளர் அவர்தான். ஆனால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருக்கும். மாதாமாதம் கட்டும் காசை வீட்டில் 'லோன்' என்கிறார்கள். பத்திரத்தில் அது வாடகை.

தவணை பிந்தும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும். தவணைகளைக் கட்டி முடித்ததும் பொருள் சொந்தமாகிற வாடகைக் கொள்வனவு, இலங்கையில் 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டத்துக்குள் வருகிறது. விலையில் சட்டம் குறித்த பங்கைக் கட்டி முடித்தவரிடமிருந்து, நீதிமன்றம் போகாமல் பொருளைத் திருப்பி எடுக்க அந்தச் சட்டம் விடாது. லீசிங்கோ 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்துக்கு உரியது. அங்கே வண்டி கம்பனியின் சொத்து. தவணை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து வண்டியை மீட்கக் கம்பனிக்கு வழி உண்டு. வாடிக்கையாளரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்: முற்பணம், தவணை, அபராத வட்டி.

பெயர் வாடகை, உள்ளே கடன் என்ற வாதம் பிரித்தானியாவில் பிரபுக்கள் சபை வரை போனது. விபத்தில் கார் சேதமான ஒரு பெண் வேறொரு காரை வாடகைக்கு எடுத்தார். எதிர்த்தரப்பிடம் நட்டஈடு கிடைக்கும் வரை வாடகையைக் கட்டத் தேவையில்லை என்பது ஏற்பாடு. அப்படிப் பணம் கட்ட அவகாசம் கொடுத்ததே கடன்தான் என்று 2000ஆம் ஆண்டு 'டைமண்ட் எதிர் லவல்' வழக்கில் தீர்ப்பானது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் கேட்ட விவரங்கள் பத்திரத்தில் இல்லாததால் காரைக் கொடுத்த கம்பனியால் வாடகையை அறவிட முடியாமல் போனது.

இலங்கை நீதிமன்றங்களுக்கும் இந்தப் பார்வை புதிதல்ல. கடனுக்குப் பிணையாகக் காணியை விற்பனை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மீட்க முடியாமல் அலைந்தவர்கள் ஏராளம். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு அவர்களுக்குக் கைகொடுக்கிறது. எழுதிய விலை சந்தை விலையைவிட மிகக் குறைவா, எழுதிக் கொடுத்தவரே காணியில் தொடர்ந்து இருந்தாரா, நொத்தாரிசின் செலவை யார் கட்டினார் என்பதையெல்லாம் 'திசா நோனா எதிர் பிரேமதாச' போன்ற வழக்குகளில் நீதிபதிகள் கேட்டார்கள். லீசிங்குக்குத் தனிச்சட்டம் இருப்பதால், பெயர் வேறு, உள்ளே கடன் என்ற வாதம் அங்கே அவ்வளவு எளிதில் எடுபடாது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே விழிப்பது நல்லது.

பத்திரம் எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்படுகிறது, முன்கூட்டிக் கட்டி முடித்தால் எவ்வளவு குறையும், அபராத வட்டி எவ்வளவு என்பவற்றை எழுத்தில், தமிழில் கேட்டு வாங்கலாம். கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிந்து திரிவதைவிட, கம்பனிக்குக் கடிதம் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். தீர்வு வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்திடம் (1935), அல்லது நிதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். தெருவில் ஆளை அடித்தோ மிரட்டியோ வண்டியைப் பறிக்க எந்தப் பத்திரமும் யாருக்கும் உரிமை தருவதில்லை. அப்படி நடந்தால் உடனே பொலிசில் முறைப்பாடு பதிய வேண்டும். எடுத்துச் சென்ற வண்டி என்ன விலைக்குப் போனது, கணக்கில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வண்டி போன பிறகும் மீதி கட்டச் சொல்லி வரும் கடிதத்துக்குப் பதில் சொல்ல அந்தக் கணக்குத் தேவைப்படும்.