கண்ணுள் கசியும் குருதி

காலையில் முகம் கழுவிக் கண்ணாடி பார்க்கும் ஒருவர், தம் விழியின் வெண்பகுதியில் குங்குமம் கரைத்து ஊற்றினாற்போன்ற சிவப்பைக் காண்கிறார். வலி இல்லை, பார்வையும் குன்றவில்லை. எனினும் வீடே பதறுகிறது. ‘உடல் சூடு’ என்பார் ஒருவர். நந்தியாவட்டைப் பூவைத் தேடுவார் மற்றொருவர். தாய்ப்பால் விடச் சொல்லும் பாட்டிமாரும் நம்மிடையே உளர். உண்மையில் கண்ணில் நேரும் குருதிக் கசிவுகளுள் மிக எளியது இதுவே. வெண்விழியைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வின் அடியில் மயிரிழையன்ன குழாய் ஒன்று உடைந்துள்ளது, அவ்வளவே. கடும் இருமல், தும்மல், வாந்தி, பளு தூக்குதல் ஆகியவற்றுள் ஒன்றே இதற்குப் போதும். ஒன்றிரண்டு வாரங்களில் தானே மறையும். அடிபட்டபின் தோன்றினாலோ, அடிக்கடி வந்தாலோ, குருதி உறையாதிருக்க மாத்திரை உண்பவர்க்கு வந்தாலோ மருத்துவரைக் காணல் வேண்டும். பாலும் எண்ணெயும் கண்ணில் விடுதல் வேண்டா. அவை நோய்க்கிருமிகளுக்கு வழி திறப்பனவாகும்.

நாம் அஞ்ச வேண்டிய கசிவு வெளியே தெரிவதில்லை. விழிவில்லைக்கும் விழித்திரைக்கும் இடையே பளிங்கு போன்ற கூழ் நிறைந்துள்ளது. அதன் அளவு ஏறத்தாழ 4 மில்லி லிட்டர், பெரும்பகுதியும் நீரே. ஒளி செல்லும் அவ்வழியில் குருதி கலந்தாலும் புறத்தே கண் வெண்மையாகவே இருக்கும். பெரும்பாலும் வலியும் இராது. நோயுற்றவர்க்கு மட்டும் கரும்புள்ளிகள் மிதக்கும், நூலாம்படை தொங்கும், சிலர்க்குச் செந்நிற மூட்டம் கவியும்.

நாம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெடுநாள் நீரிழிவு உடையவர். கண்முன் நூலாம்படை தோன்றியபோது, மூக்குக்கண்ணாடியில் தூசி என எண்ணி மேல்துண்டால் துடைத்துக்கொண்டேயிருந்தார். மூன்று வாரங்கள் கழிந்து, செய்தித்தாளின் தலைப்பும் தெரியாமற்போன பின்னரே மருத்துவமனை சென்றார். நீரிழிவு முற்றும்போது விழித்திரையில் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து, எளிதில் உடைகின்றன. அவை உடையுமுன் லேசர் ஒளியால் அடக்கியிருக்கலாம். 1970-இல் ராபர்ட் மாக்கெமர் அமெரிக்காவில் தொடங்கிய அறுவை முறையால் குருதி கலந்த கூழ் அகற்றப்பட்டு, அவர்தம் பார்வையில் ஒரு பகுதி மீண்டது. இன்று அவர் பெரிய எழுத்துகளை மட்டும் படிக்கிறார். ஆண்டுக்கொருமுறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்திருந்தால் இத்துன்பம் பெரிதும் தவிர்ந்திருக்கும். சர்க்கரை அளவு கட்டுக்குள் உள்ளது, பார்வையும் தெளிவாக உள்ளது என்பன இச்சோதனையைத் தள்ளிப்போடக் காரணங்கள் ஆகா.

இது முதியோர்க்கே உரிய நோய் என மாணவர்கள் கருதிவிடலாகாது. 1880-இல் பர்மிங்காம் நகர மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், இளைஞர் சிலர்க்கு விழியினுள் மீண்டும் மீண்டும் குருதி கசிவதை எழுதினார். அவர் பெயராலேயே வழங்கும் அந்நோய், இந்தியத் துணைக்கண்டத்து இளைஞரிடையே, குறிப்பாக ஆடவரிடம், மிகுதியும் காணப்படுகிறது. இனி, கண்முன் மின்னல் வெட்டினாற்போல் ஒளி தோன்றினாலோ, ஓரத்தில் திரை இறங்குவது போலிருந்தாலோ, விழித்திரை கிழிந்திருக்கக்கூடும். அன்றே செல்லல் வேண்டும்.

விளையாட்டில் பந்தோ கிட்டிப்புள்ளோ கண்ணில் பட்டால் கருவிழியின் பின்னே குருதி தேங்கலாம். சில நாள்களுள் மறுபடியும் கசியும் இயல்புடையது. கண்ணின் அழுத்தத்தையும் உயர்த்துவது. யாவற்றினும் கொடியது விழிக்கோளத்தின் பின்னே, எலும்புச் சுவர் சூழ்ந்த குழியினுள் கசியும் குருதி. அது பரவ இடமின்றிப் பார்வை நரம்பை நெருக்குகிறது. விழி பிதுங்கி, கடுவலியும் பார்வை மங்கலும் கண்டால், ஓரிரு மணி நேரத்திற்குள் அழுத்தம் நீக்கப்பெறாவிடில் பார்வை மீளாது. மறுநாள் பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது.

அடிபட்டவரைத் தலை உயர்த்தி அமர்த்தி அழைத்துச் செல்க. கண்ணை அழுத்தலும் கசக்கலும் ஆகா. கண்ணில் படாதவாறு காகிதக் குவளை ஒன்றைக் கவிழ்த்துக் கட்டலாம். வலிக்கென ஆஸ்பிரின் தருதல் கூடாது. அது கசிவை மிகுவிக்கும். சோதனைக்கு விடும் மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கியிருக்குமாதலின், வண்டி ஓட்டிச் செல்லாது துணைக்கு ஒருவரை உடன் கொள்க.