பிளாஸ்டிக் சுறாவுக்கு எத்தனை செவுள்?

அலவத்துகொடைக்குச் சுறா இரண்டு உருவத்தில் வந்து சேர்கிறது. ஒன்று கருவாடு. கண்டி - மாத்தளை வீதிக் கடைகளில் உப்புப் பூத்துக் கிடக்கும் துண்டம். தலை இல்லை, செட்டை இல்லை, வால் இல்லை. எந்தச் சுறா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவர் கேட்பதும் இல்லை. மற்றது, பேன்சிக் கடை வாசலில் டைனோசர் பைக்குப் பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் சுறா. புறக்கோட்டை மொத்தக் கடையிலிருந்து மலையேறி வந்தது.

எந்தக் கடற்கரைக்குப் போவதானாலும் வீதி வழியே நூறு கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டிய ஊர் இது. ஆகவே இங்குள்ள பிள்ளை முழுசாகக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரே சுறா அந்தப் பிளாஸ்டிக் சுறாதான். அது சரியாக இருக்கிறதா என்று கேட்பது வீண் வேலை அல்ல.

வெளிநாடுகளில் இதைக் கேட்பதே பலருக்குப் பொழுதுபோக்கு. ஜேர்மனியின் ஷ்லைஷ், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி, கலெக்டா, ஜப்பானில் டகாரா டோமியின் அனியா என்று நிறுவனம் நிறுவனமாகச் சுறா உருவங்களைச் சேர்ப்பவர்கள், புதிதாக ஒன்று வெளிவந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது பல்லை அல்ல. 1975இல் ஸ்பீல்பேர்க்கின் ‘ஜோஸ்’ படம் வந்த நாள் முதல் பல்லை எல்லோரும் நன்றாகவே செய்கிறார்கள். குறை பெரும்பாலும் செவுளில் இருக்கும்.

பெரும்பாலான சுறாக்களுக்குப் பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவுகள். சில பழைய வம்சங்களுக்கு ஆறு அல்லது ஏழு. மலிவுப் பையில் இருக்கும் சுறாவை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினால் பல தடவை மூன்றுதான் தேறும். மூன்று கோடு கீறினால் போதும் என்று அச்சு வெட்டியவர் நினைத்திருக்கிறார். மூன்று பிளவுள்ள சுறா எந்தக் கடலிலும் இல்லை.

அடுத்து, உருவத்தை மல்லாத்திப் பாருங்கள். வெள்ளைச் சுறாவுக்கு வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், அடிப்பக்கத்தில், மிகச் சிறிய குதச் செட்டை ஒன்று உண்டு. மேலே இருக்கும் இரண்டாம் முதுகுச் செட்டையும் அதே அளவு சிறியது. மலிவு அச்சில் கீழேயுள்ளது காணாமல் போயிருக்கும், மேலேயுள்ளது தேவைக்கு மேல் வளர்ந்திருக்கும். வாலும் பிழைக்கும். வெள்ளைச் சுறாவின் வாலில் மேல் மடலும் கீழ் மடலும் ஏறக்குறைய ஒரே நீளம். வாலின் அடியில் இரு பக்கமும் தடித்த வரம்பு ஓடும். புலிச் சுறாவுக்கோ மேல் மடல்தான் நீளம். முகமும் கூர்மை இல்லாமல் அகன்று மழுங்கியிருக்கும். பையில் உள்ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்படும்: ஒரே அச்சு. சாம்பல் அடித்தது வெள்ளைச் சுறா, கோடு போட்டது புலிச் சுறா! அந்தக் கோடுகூடக் குட்டியில்தான் அழுத்தமாகத் தெரியும், வளர வளர மங்கிப்போகும்.

கொம்பன் சுறாதான் உண்மையான பரீட்சை. தலை சுத்தியல் மாதிரி இருந்தால் கொம்பன் என்று பொம்மைக்காரர் முடித்துவிடுகிறார். ஆனால் கொம்பனில் பல இனங்கள். தலையின் முன் விளிம்பு வளைந்து, நட்ட நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் வேறு பள்ளங்கள் இருந்தால் ஒன்று. விளிம்பு நேராக, நடுவில் பள்ளத்தோடு, முதல் முதுகுச் செட்டை அரிவாளாக உயர்ந்து நின்றால் பெருங்கொம்பன். விளிம்பு வளைந்தும் நடுப் பள்ளமே இல்லையென்றால் மூன்றாவது. நல்ல நிறுவனங்களின் உருவங்களில் இந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்கலாம்.

இதெல்லாம் சேகரிப்பவர்களின் கிறுக்கு என்று தோன்றினால், சுங்கத் திணைக்கள அலுவலர் ஒருவரின் மேசையை நினைத்துப் பாருங்கள். அழிந்துபோகும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில், 2013இல் பாங்கொக் மாநாட்டில் இந்த மூன்று கொம்பன்களும் சேர்க்கப்பட்டன. பெருங்கடல் வெண்முனைச் சுறாவும் கூடவே சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒரு மூட்டை உலர்ந்த செட்டையைப் பார்த்து எது எந்த இனம் என்று சொல்லவேண்டியது அலுவலரின் கடமை. அவருக்கு உதவ, முதுகுச் செட்டையின் படத்தைக் கொண்டு இனத்தைக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உருவாக்கியது. முப்பரிமாண அச்சில் வார்த்த செட்டைகளை வைத்தும் பயிற்சி நடக்கிறது. அதுவும் ஒருவகையில் பொம்மைதான், பிழை இல்லாத பொம்மை.

இலங்கைச் சட்டமும் இனத்தைத்தான் கேட்கிறது. கசைவால் சுறாக்களைப் பிடிப்பது 2012 முதல் தடை. 2015இல் பெருங்கடல் வெண்முனையும் திமிங்கிலச் சுறாவும் பாதுகாப்புக்குள் வந்தன. 2016இல் ஜொஹானஸ்பேர்க்கில் கூடிய சைட்ஸ் மாநாட்டில், கசைவால் சுறாக்கள் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்க்கும் முன்மொழிவை முன்னின்று கொண்டுபோனது இலங்கையே. காரணம் எளிது: ஆழ்கடல் கசைவால் சுறா ஒரு பேற்றில் ஈனுவது பெரும்பாலும் இரண்டே குட்டிகள். பிடிக்கிற வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது.

கசைவாலின் வால் உடம்பில் ஏறக்குறையப் பாதி நீளம். மீன் கூட்டத்துக்குள் அதை வீசி அடித்து, மயங்கிய மத்தி மீனைத் தின்னும் காட்சியை ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸ் கடலில் படம் பிடித்து 2013இல் வெளியிட்டார்கள். அவ்வளவு நீள வால் அச்சுக்கும் பைக்கும் தொல்லை. அதனால் பொம்மையில் வெட்டிக் குறைத்துவிடுவார்கள். வால் குறைந்த கசைவால் யாருக்குப் பிரயோசனம்? வர்ணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வயிற்று வெள்ளை மார்புச் செட்டைக்கு மேலேயும் ஏறியிருந்தால் சாதாரணக் கசைவால். ஏறாமல் கீழேயே நின்றால் ஆழ்கடல் கசைவால். ஒரு தூரிகை இழுப்பில் இனமே மாறிவிடும்.

திமிங்கிலச் சுறாவில் வாய் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான சுறாக்களில் போல மூக்குக்குக் கீழே அல்ல, முகத்தின் முன் நுனியிலேயே அகலமாக இருக்கவேண்டும். உடம்பு நெடுக வரம்புகள் ஓடவேண்டும். புள்ளிகள் இன்னும் சுவாரஸ்யம். ஒவ்வொரு திமிங்கிலச் சுறாவின் புள்ளிக் கோலமும் வேறு வேறு. வானத்து நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வானியலாளர்கள் பயன்படுத்திய கணிப்பு முறையை இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தி, தனித்தனிச் சுறாவை அடையாளம் காணும் வழியை 2005இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்குப் பார்க்கும் இடம் செவுளுக்குச் சற்றுப் பின்னாலுள்ள விலாப்பக்கம். பொம்மையில் ஓர் அச்சிலிருந்து ஆயிரம் சுறாக்கள் ஒரே கோலத்தோடு இறங்குகின்றன. அதை மன்னிக்கலாம். ஆனால் பன்னிரண்டு மீற்றர் வளரும் திமிங்கிலச் சுறாவும் ஒன்றரை மீற்றர்ப் பவளப்பாறைச் சுறாவும் ஒரே பையில் ஒரே நீளத்தில் கிடப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

எப்போதோ அழிந்துபோன இராட்சதச் சுறாவான மெகலோடனுக்கு மார்க் போட நான் தயாரில்லை. கிடைத்திருப்பது பெரும்பாலும் பற்களும் முள்ளந்தண்டுத் துண்டுகளுமே. வெள்ளைச் சுறாவைப் பெரிதாக்கியதுபோலத்தான் இருந்திருக்கும் என்று நெடுங்காலம் வரைந்தார்கள். உடம்பு அதைவிட ஒல்லியாக நீண்டிருக்கலாம் என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. கடையில் தொங்கும் பருத்த மெகலோடன் எல்லாம் பழைய ஊகத்தின் பிரதிகள்.

பேன்சிக் கடைப் பையிலிருந்து இவ்வளவையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கடற்றொழில் திணைக்களத்திடமும் கல்வி அமைச்சிடமும் ஒன்றைக் கேட்கலாம். சட்டம் பாதுகாக்கும் கசைவால், பெருங்கடல் வெண்முனை, திமிங்கிலச் சுறா மூன்றுக்கும் அளவும் செட்டையும் பிசகாத மாதிரிகளைச் செய்து பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். நீர்கொழும்புக்கும் மிரிஸ்ஸவுக்கும் மட்டும் போதாது, அலவத்துகொடைக்கும் வரட்டும். அதுவரை, பெற்றோரே, வாங்குமுன் செவுளை எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் குறைந்தால் தொங்கவிட்டு வந்துவிடுங்கள்.